கடல் தாண்டிவரும் மிரட்டல்: குற்றச்சாட்டை எப்படி எடைபோடுவது?

2018 பிப்ரவரி 4, இலங்கையின் 70-ஆவது சுதந்திர நாள். லண்டனில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்கு எதிரே ஈழத்தமிழர்கள் திரண்டு முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். சீருடையோடு வெளியே வந்த பாதுகாப்புத்துறை அதிகாரி பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ, அவர்களைப் பார்த்துத் தன் கழுத்தின் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார். ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை. கூடியிருந்தவர்களின் கைப்பேசிகளில் பதிவான அந்தக் காட்சி இரண்டே நாளில் உலகத் தமிழர்களிடமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

நாட்டைவிட்டு வெளியேறியவர்களை அந்த நாட்டு அரசே விரட்டி மிரட்டுகிறது என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் ஆயத்தமாக நிற்கின்றன. பாதிக்கப்பட்டோர் பக்கம் நிற்பவர்கள் எல்லாவற்றையும் நம்பச் சொல்கிறார்கள். அரசின் பக்கம் நிற்பவர்கள் எல்லாமே தஞ்சம் கேட்பதற்காகப் புனைந்த கதை என்கிறார்கள். இரண்டுமே உண்மையைத் தேடும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள். இத்தகைய குற்றச்சாட்டுகள் எல்லாம் ஒரே ரகமல்ல. கண்ணெதிரே நடந்த மிரட்டல், சட்டத்தின் பெயரால் வரும் மிரட்டல், உளவு, ஊரிலிருக்கும் உறவினர் வழியாக வரும் அச்சுறுத்தல், கொலை என்று அவை பலவகைப்படும். ஒவ்வொன்றுக்கும் சான்றின் தன்மை வேறு. கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. ஈழத்தமிழர் அனுபவத்தை வைத்து இதைப் பார்ப்பது, நமக்கு மிக அருகில் நடந்ததை வைத்துப் பார்ப்பதாகும்.

காணொளி இருந்தும் இழுபட்ட வழக்கு

முதலில் லண்டன் வழக்கையே எடுத்துக்கொள்வோம். இதைவிடத் தெளிவான சான்று ஒரு மிரட்டல் வழக்கில் கிடைப்பது அரிது. முகம் தெரிகிறது, சீருடை தெரிகிறது, சைகையின் பொருளில் ஐயமில்லை. இலங்கை வெளியுறவு அமைச்சகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. மறுநாளே அதிபர் மைத்திரிபால சிறிசேன தலையிட்டு அந்த உத்தரவை ரத்து செய்தார். தனி ஓர் அதிகாரியின் கோபமாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று, அந்தக் கணத்தில் அரசின் நிலைப்பாடு பற்றிய கேள்வியாக மாறிவிட்டது.

பிரிட்டன் காவல்துறை வழக்குப் போடாத நிலையில், போராடியவர்களே தனியார் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே அவரைக் குற்றவாளி என்று கண்டு கைதாணை பிறப்பித்தது. தூதரக விலக்குரிமை பற்றிய கேள்வி எழ, கைதாணை திரும்பப் பெறப்பட்டு வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி அவர் மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2,400 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் நீக்கியது. தூதரக உறவுகள் குறித்த 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, பணியின் பகுதியாகச் செய்தவற்றுக்கு அவருக்கு விலக்குரிமை உண்டு என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

அந்த விலக்குரிமைக்குப் பின்னால்தான் மிக முக்கியமான தகவல் இருக்கிறது. பிரிட்டனில் நடக்கும் இலங்கைக்கு எதிரான நடவடிக்கைகளைக் கண்காணித்து அறிக்கை அனுப்புவது அவருடைய பணிப் பொறுப்புகளில் ஒன்று என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. தூதரகம் எங்களைக் கண்காணிக்கிறது என்று புலம்பெயர் தமிழர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, பிரிகேடியரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்ட ஆவணமே உறுதிப்படுத்திவிட்டது. தண்டனை போனது, உண்மை நின்றது. சட்டப்படி தண்டிக்க முடியாமற்போவதும் சம்பவம் நடக்கவே இல்லை என்பதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொள்வோர் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

ஏறி இறங்கும் பட்டியல்

இரண்டாவது வகை, சட்டத்தின் உடையில் வருவது. 1983 ஆகஸ்டில், தமிழர்மீதான கறுப்பு ஜூலை வன்முறை நடந்த சில நாட்களில், இலங்கை தன் அரசியலமைப்பில் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிநாட்டை ஆதரிப்பதையும் அதற்காகப் பரப்புரை செய்வதையும் அது தடை செய்தது. இலங்கைக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே செய்தாலும் குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. கனடாவில் கருத்தரங்கு மேடையில் பேசியவர் யாழ்ப்பாணத்திலுள்ள தன் காணியை இழக்கக்கூடும் என்ற அச்சத்துக்குச் சட்ட அடிப்படை அன்றே போடப்பட்டுவிட்டது.

அடுத்தது 2014. மார்ச் 21 தேதியிட்ட அரசிதழில், அதாவது இலங்கையர் சொல்லும் வர்த்தமானியில், 16 அமைப்புகளும் 424 நபர்களும் பயங்கரவாதத்தோடு தொடர்புடையோர் என்று பட்டியலிடப்பட்டனர். 1968-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தையும், 2001-இல் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பின் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373-ஆம் தீர்மானத்தையும் அரசு துணைக்கு அழைத்தது. ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கைப் போர்க்காலக் குற்றங்கள் குறித்து விசாரணை நடத்த முடிவுசெய்தது மார்ச் 27-இல். இடைவெளி 6 நாள். பட்டியலில் விடுதலைப் புலிகளோடு சேர்த்து, ஜெனிவாவில் வெளிப்படையாகக் கருத்துரைத்துவந்த பிரித்தானியத் தமிழர் பேரவை, உலகத் தமிழர் பேரவை, கனடியத் தமிழர் காங்கிரஸ் போன்றவையும் இருந்தன.

அரசின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். புலிகளின் போர்ச்செலவுக்குப் பெரும்பணம் வெளிநாடுகளிலிருந்து போனது உண்மை. இந்தியா 1992-இலும், அமெரிக்கா 1997-இலும், பிரிட்டன் 2001-இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இலும் அந்த இயக்கத்தைத் தடைசெய்தன. முப்பதாண்டுப் போர் கண்ட நாடு, அது திரும்பாமல் பார்த்துக்கொள்ள முயல்வதில் தவறென்ன என்று கொழும்பு கேட்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடையை அந்தப் பட்டியலின் பிற்கால வரலாறே தருகிறது. 2015-இல் ராஜபக்சக்களின் ஆட்சி மாறியது. நவம்பரில் 8 அமைப்புகளும் 269 பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2019-இல் மீண்டும் ராஜபக்சக்கள் வந்தார்கள். 2021 தொடக்கத்தில், அடுத்த ஜெனிவாத் தீர்மானத்துக்குச் சற்று முன், 7 அமைப்புகளும் 388 பேரும் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். 2022-இல் பொருளாதாரம் சரிந்து புலம்பெயர்ந்தோரின் முதலீடு தேவைப்பட்டது. ஆகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டார்கள்.

பயங்கரவாதத்துக்கான சான்று ஆட்சிக்கு ஆட்சி மாறாது. தேர்தலோடும் அந்நியச் செலாவணியோடும் ஏறி இறங்கும் ஒரு பட்டியல், சான்றின் அடிப்படையில் எழுதப்பட்டதல்ல என்பதே என் முடிவு. பட்டியலில் இருந்த ஒவ்வொருவரும் குற்றமற்றவர் என்பது இதன் பொருளல்ல. காரணம் சொல்லாமல், முன்கூட்டி விசாரிக்காமல் பெயர் சேர்க்கும் முறை, குற்றவாளியையும் விமர்சகரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. விமர்சகரின் வாயை அடைக்க அது போதும். பட்டியலிலிருப்பவரோடு தொடர்பு வைத்திருப்பதே ஊரிலிருப்பவருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

தீர்ப்பாயம் கண்ட உளவு

மூன்றாவது வகை உளவு. இதில்தான் மிகைப்படுத்தலுக்கு இடம் அதிகம். தஞ்சம் கேட்பவருக்கு, தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நிறுவுவதால் நன்மை உண்டு. எனவே அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இந்தச் சிக்கலைத் தொழிலாகவே எதிர்கொள்வது பிரிட்டனின் குடிவரவு மேல் தீர்ப்பாயம். அரசுத்தரப்பு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பும் வல்லுநர்களை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் இடம் அது.

2013 ஜூலையில் அத்தீர்ப்பாயம் வழங்கிய வழிகாட்டுத் தீர்ப்பு, புலம்பெயர்ந்தோரின் செயல்பாடுகள் குறித்து இலங்கை அரசிடம் நுட்பமான உளவுத் தகவல்கள் உள்ளன என்றும், விமான நிலையத்தில் தடுத்து நிறுத்த ஒன்றும் கண்காணிக்க ஒன்றுமாகக் கணினிப் பட்டியல்கள் உள்ளன என்றும் கண்டது. 2021-இல் வந்த அடுத்த வழிகாட்டுத் தீர்ப்பு இன்னும் துலக்கமானது. அமைப்புகளுக்குள் ஆட்களை ஊடுருவவிடுதல், ஆர்ப்பாட்டங்களைப் படமெடுத்தல், இணையத்தைக் கவனித்தல் ஆகியவற்றின் மூலம் இலங்கை அரசு பிரிட்டனில் விரிவாக உளவு திரட்டுகிறது என்றது.

அதே தீர்ப்பாயம் மறுபக்கத்தையும் சொன்னது. ஓரிரு ஆர்ப்பாட்டங்களில் போய் நின்றதாலேயே ஒருவர் ஆபத்துக்குள்ளாகிவிட மாட்டார். அவருடைய பங்கின் கனத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. எல்லாரையும் நம்பவும் இல்லை, எல்லாரையும் தள்ளவும் இல்லை. அதனால்தான் அதன் கண்டறிதலுக்கு மதிப்பு.

அந்த 2021 தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அச்சத்தின் காரணமாக ஒருவர் தான் உண்மையாகவே கொண்டுள்ள அரசியல் கருத்தை மறைத்து வாழ நேர்ந்தால், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றது. 2010-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் வகுத்த கொள்கை அது. மிரட்டலின் நோக்கம் பெரும்பாலும் அடிப்பதல்ல, பேசாமலிருக்கச் செய்வது. அந்த நோக்கம் நிறைவேறிவிட்டால் காயமும் இருக்காது, புகாரும் இருக்காது. புகார்கள் குறைவு என்பதை வைத்து மிரட்டல் குறைவு என்று வாதிடுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஊரில் தட்டப்படும் கதவு

நான்காவது வகை, பதிவேட்டில் ஏறாதது. லண்டனிலோ டொராண்டோவிலோ ஒருவர் பேசுகிறார். சில நாளில் கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ அவர் பெற்றோரின் வீட்டுக்கு இருவர் வருகிறார்கள். குரல் உயர்வதில்லை. மகன் என்ன செய்கிறான், எப்போது வருவான் என்று விசாரித்துப் போகிறார்கள். சில சமயம் கொழும்பில் நாலாம் மாடிக்கு வரும்படி அழைப்பு வருகிறது. குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு ஈழத்தமிழர் வைத்த பெயர் அது. அதைக் கேட்டாலே விளக்கம் தேவைப்படாது.

மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் தஞ்ச வழக்குகளிலும் திரும்பத் திரும்ப வரும் இந்தக் குற்றச்சாட்டை நிறுவுவது கடினம். வந்தவர்கள் ரசீது கொடுத்துவிட்டுப் போவதில்லை. விசாரித்தோம், மிரட்டவில்லை என்று அரசு சொல்லிவிடலாம். இங்கே தனித்தனிச் சம்பவத்தைவிட வரிசைதான் சான்று. ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே நடைமுறையை விவரிக்கிறார்களா? வெளிநாட்டில் பேசிய நாளுக்கும் ஊரில் கதவு தட்டப்பட்ட நாளுக்கும் தொடர்பு இருக்கிறதா? விசாரிக்க வந்தவர்கள் எந்தக் குற்றத்துக்காக வந்தார்கள் என்று சொன்னார்களா? இவற்றுக்கான விடைகள் அரசின் கோப்புகளில்தான் இருக்கின்றன. எண்பது வயது அம்மாவிடம் சான்று கேட்பதைவிட, கோப்பு வைத்திருப்பவரிடம் கேட்பதே முறை.

அரசு மட்டுமா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பக்கம் பார்க்காமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இராது. 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் உடனிருந்த தோழர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்; கொன்றது விடுதலைப் புலிகள். 1994 மே 1 அன்று பாரிஸில் தன் வீட்டில் சபாலிங்கம் கொல்லப்பட்டார். ஈழப் போராட்ட வரலாற்றை விமர்சனத்தோடு எழுத முனைந்தவர் அவர். அந்தக் கொலைக்கும் புலிகள் மீதே பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழ்க் குடும்பங்களிடமும் வணிகர்களிடமும் புலிகள் இயக்கத்தினர் மிரட்டிப் பணம் திரட்டியதை விவரித்தது. கொடுக்காவிட்டால் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று.

ஊருக்குப் போகும்போது என்ற இந்தச் சொற்களைக் கவனியுங்கள். அரசும் இயக்கமும் ஒரே இடத்தைத்தான் பிடித்து அழுத்தின. புலம்பெயர்ந்தவரின் பலவீனம் அவர் வாழும் நாட்டில் இல்லை. விட்டுவந்த உறவிலும் மண்ணிலும் இருக்கிறது. ஆகவே, யார் மிரட்டினாலும் மிரட்டல் மிரட்டலே என்ற அளவுகோலை ஏற்காதவருக்கு, அரசின் மிரட்டலைக் கண்டிக்கும் தார்மீக உரிமை குறைந்துவிடுகிறது.

இந்த இரட்டை வரலாறு ஐந்தாவது வகையான கொலைகளைப் புரிந்துகொள்வதையும் சிக்கலாக்குகிறது. 2012 நவம்பர் 8 அன்று பாரிஸில், தமிழர் ஒருங்கிணைப்புக் குழுவின் பிரான்சுப் பொறுப்பாளர் பரிதி சுட்டுக்கொல்லப்பட்டபோது, தமிழ் அமைப்புகள் இலங்கை உளவுத்துறையைக் குற்றம் சாட்டின. எதிர்த்தரப்பு, இயக்கத்தின் எச்சங்களுக்குள் நடந்த பணத்தகராறு என்றது. இரண்டுக்கும் முன்னுதாரணம் இருந்ததால் இரண்டும் நம்பும்படி இருந்தன. நம்பும்படி இருப்பது சான்றாகாது.

புதுச்சேரியின் பாடம்

சான்று எப்படி உருவாக்கப்படும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதி, 1908-இல் கைதாவதைத் தவிர்க்கப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-இல் அங்கே வந்து சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு எல்லைக்கு வெளியே கைநீட்டியது. பாரதியின் ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் பகுதிக்குள் வருவதைத் தடுத்தது, கடிதங்களைப் பிரித்தது, அவர்களுடைய வீட்டு வாசல்களில் மாற்றுடையில் காவலர்களை நிறுத்தியது. 1911-இல் கலெக்டர் ஆஷ் கொலைக்குப் பின் கெடுபிடி பல மடங்கானது. சதித்திட்ட ஆவணங்கள் அடைத்த ஜாடி ஒன்று ஐயர் வீட்டுக் கிணற்றில் அகப்பட்டது. போலீஸ் உளவாளி ஒருவர் செய்வித்த வேலை அது. ஐயரும் நண்பர்களும் தாமாகவே பிரெஞ்சு அதிகாரிகளிடம் அதை ஒப்படைத்தார்கள். சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி குற்றம் எதையும் காணாமல் திரும்பினார்.

சான்று கிடைத்தது என்று அரசு சொன்னாலும், அதை யார் கண்டெடுத்தார், எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என்பது முதல் பாடம். தப்பி வந்தவரைக் காப்பதும் கைவிடுவதும் அடைக்கலம் தந்த நாட்டின் விசாரணை நேர்மையைப் பொறுத்தது என்பது இரண்டாவது பாடம். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்ததும் பாரதி கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனார். பத்தாண்டு பொறுத்திருந்து காத்துக் கிடந்தது அரசு.

உலகம் எப்படி நிறுவியது?

கடல் தாண்டிய கொலைகளில் அரசின் பங்கை விசாரித்து நிறுவிய வழக்குகளும் உண்டு. பெர்லினில் மிக்கோனோஸ் உணவகத்தில் 1992-இல் ஈரானியக் குர்து எதிர்ப்பாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஜெர்மன் நீதிமன்றம் பல ஆண்டு விசாரித்து, 1997 ஏப்ரலில், ஈரானின் உச்சத் தலைமைவரை பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2006-இல் லண்டனில் கதிரியக்க நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி லித்வினென்கோ வழக்கில், 2016-இல் நீதிபதி ராபர்ட் ஓவனின் விசாரணை, ரஷ்ய அதிபர் அநேகமாக ஒப்புதல் தந்திருப்பார் என்றது. இந்தியாவும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. 2023 ஜூனில் கனடாவில் சீக்கியத் தனிநாடு கோரிவந்த ஹர்தீப் சிங் நிஜ்ஜர் கொல்லப்பட்டதற்கும் இந்திய அரசின் முகவர்களுக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டு உண்டு என்று அப்போதைய கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னார். இந்தியா அபத்தம் என்று மறுத்தது. அமெரிக்காவில் நடந்ததாகச் சொல்லப்படும் மற்றொரு கொலைச்சதி பற்றி அமெரிக்கா விவரங்களைத் தந்தபோது, இந்தியா விசாரணைக் குழு அமைத்தது. விவரம் முன்வைக்கப்படும்போது பதிலும் வந்தாக வேண்டியிருக்கிறது. இலங்கையைக் கேட்கும் கேள்வியை நம் அரசிடமும் அதே குரலில் கேட்க வேண்டும்.

ஃப்ரீடம் ஹவுஸ் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 2014 முதல் இவ்வகையில் உடல்ரீதியாக நிகழ்ந்த 608 சம்பவங்களைத் தொகுத்தது. அவற்றின் பின்னால் 31 அரசுகள். வெளியே தெரிந்தவை மட்டுமே அவை. ஊரில் கதவு தட்டப்படுவது அந்தத் தொகுப்பில் வருவதில்லை.

மதுரையின் பங்கு

இது லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் உரிய விவகாரம் என்று மதுரைக்காரர் ஒதுங்க முடியாது. 1986 மே மாதம் வாஜ்பாய், என்.டி. ராமராவ் முதலானோர் வந்து பேசிய, தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாடு நடந்தது இந்த ஊரில்தான். அந்த மேடைகள் கலைந்து பல காலமாகியும், ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் ஈழத்தமிழர் முகாம்களில் இருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பேருந்துக்கும் சென்னைப் பேருந்துக்கும் நடுவே நடந்துபோகும் கூட்டத்தில், இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத இளைஞர்களும் உண்டு. 2021-இல் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயரிட்டது, வீடுகளும் கட்டித்தரத் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பும் வருகைப் பதிவும் முகாம் வாழ்க்கையின் பகுதிகள்.

உரிமையாக இல்லாமல் தயவாகக் கிடைத்த அடைக்கலத்தில் இருப்பவர், தன் நாட்டு அரசைப் பற்றியும் பேசத் தயங்குவார், இந்த நாட்டு அரசைப் பற்றியும் பேசத் தயங்குவார். அவரிடம் யாராவது மிரட்டிப் பேசினால், எங்கே போய்ப் புகார் தருவார்? தன்னைக் கண்காணிக்கும் அதே துறையிடமா? மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், 2019 ஜூன் மாதம், திருச்சி முகாம்களில் இருந்த மலையகத் தமிழர் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். குடியுரிமை வழக்காக அது பேசப்பட்டது. அச்சமின்றிப் பேசும் உரிமையின் வழக்காகவும் நான் அதைப் பார்க்கிறேன். கையில் உறுதியான தாள் இருப்பவரைத்தான் மிரட்டுவது கடினம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. அடைக்கலம் தந்த நாடுகள், மிரட்டல் புகார்களைத் தஞ்ச விண்ணப்பத்தோடு கட்டிப்போடாமல் தனிக் குற்றமாகப் பதிவுசெய்ய வேண்டும்; அப்போதுதான் வரிசை தெரியும், பொய்யும் பிடிபடும். தூதரக அதிகாரியின் விலக்குரிமை, அவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை அந்நாட்டிடமிருந்து பறித்துவிடவில்லை. அதைப் பயன்படுத்த வேண்டும். தடைப்பட்டியலில் பெயர் சேர்ப்பவர் காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் சேர்த்தே வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில், முகாமில் இருப்பவர் கியூ பிரிவைத் தாண்டி மாநில மனித உரிமை ஆணையத்திடம் நேரே போக வழி வேண்டும்.

குற்றம் சாட்டுபவரே எல்லாவற்றையும் நிறுவ வேண்டும் என்பது சமமானவர்களுக்கிடையே பொருந்தும் நீதி. இங்கே ஒரு பக்கம் கைப்பேசியும் நினைவும். மறுபக்கம் கணினிப் பட்டியலும் கோப்பும் தூதரகமும். குற்றம் சாட்டுபவர் உண்மையாகப் பேச வேண்டும், தன் இயக்கத்தின் பழைய கறையையும் மறைக்கக்கூடாது. அது அவர் கடமை. அதன் பிறகு பதில் சொல்லும் கடமை கோப்பு வைத்திருப்பவருடையது. கோப்பைத் திறக்க மறுக்கும் அரசு, சான்று இல்லை என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது.